கிளம்பாத வண்டிக்கு உதிரிபாகம் மாற்றுவது மருந்தாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கடந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில் பழைய மோட்டார் சைக்கிள் வாங்குவோருக்காக வெளியான குறிப்புகளை இரண்டு முறை படித்தேன். ஆவணங்களைப் பற்றியும் விலை பேசுவதைப் பற்றியும் அதில் சொல்லப்பட்டவை பயனுள்ளவை. ஆனால், வாங்கிய வண்டி காலையில் கிளம்ப மறுத்தால் பேட்டரி, பொறி தரும் பிளக், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் ஆகிய மூன்றையும் தயங்காமல் மாற்றிவிட வேண்டும் என்ற பொருளில் அமைந்த கடைசிப் பத்தியை என்னால் ஏற்க இயலவில்லை. நான் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகனப் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகள் பயிற்றுநராக இருந்து ஓய்வுபெற்றவன். எனினும் இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது அந்தப் பணி அனுபவம் அன்று. சென்ற ஐப்பசியிலும் கார்த்திகையிலும் என் வீட்டு வாசலிலேயே நடந்த ஒரு சங்கதிதான்.

என் மகள் வயிற்றுப் பேரன் வேலைக்குச் சேர்ந்ததும், பேருந்தை நம்பிக் காலம் தள்ள முடியாது என்று சொல்லி, நூறு சிசி வகையைச் சேர்ந்த, 2011இல் பதிவான ஒரு பழைய வண்டியை ஆட்டோ கன்சல்டிங் கடை ஒன்றில் 32,000 ரூபாய்க்கு வாங்கி வந்தான். நான் ஊரில் இல்லாத வாரத்தில் நடந்த கொள்முதல் அது. ஒரு சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பார்க்கப் போனதாகவும், கடைக்காரர் ஒரே உதையில் வண்டியைக் கிளப்பிக் காட்டியதாகவும், சத்தம் தையல் இயந்திரம் போல இருந்ததாகவும் பெருமையாகச் சொன்னான். பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் இரவு நல்ல மழை. மறுநாள் காலை ஏழரை மணிக்கு அவன் கிக்கரில் காலை வைத்தான். எட்டேகாலுக்கு வியர்வையில் நனைந்த சட்டையை மாற்றிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தான்.

அடுத்த மூன்று வாரங்களில் அந்த வண்டி மூன்று பட்டறைகளுக்குச் சென்று வந்தது. முதல் பட்டறையில் பிளக்கை மாற்றினார்கள். இரண்டாவதில் கார்புரேட்டரையே புதிதாகப் போட்டார்கள். மூன்றாவதில் பிளக்குக்குப் பொறி அனுப்பும், சிடிஐ எனப்படும் சிறிய கறுப்புப் பெட்டியை மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் வண்டி பட்டறையிலிருந்து நன்றாக ஓடித்தான் வீடு வந்தது. சில நாட்கள் ஒழுங்காக இருந்தது. பிறகு ஒரு காலையில் மறுபடியும் முரண்டு பிடித்தது. கூலியோடு சேர்த்து 4,850 ரூபாய் செலவான பிறகுதான் பேரன் என்னிடம் வந்து, "தாத்தா, நீங்க ஒரு தடவை பாருங்க" என்றான். வீட்டில் வாத்தியார் இருக்கையில் பிள்ளை வெளியே பாடம் படிக்கப் போன கதை இது. அந்த மனக்குறை எனக்கு உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கிளம்பாத வண்டியின் முன் நிற்பவர் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் சில கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதே நான் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லிவந்த முதல் பாடம். கடைசியாக எப்போது நன்றாக ஓடியது? ஓடிக்கொண்டிருக்கையில் நின்றதா, நிறுத்தி வைத்த பிறகு கிளம்ப மறுத்ததா? சூடாக இருக்கும்போது மறுக்கிறதா, குளிர்ந்திருக்கும்போது மறுக்கிறதா? இடையில் யார் எதைக் கழற்றினார்கள்? இவற்றுக்குக் கிடைக்கும் பதில்களே பாதி வேலையை முடித்துவிடும். என் பேரனிடம் இவற்றைக் கேட்டபோது அவன் சொன்னவற்றில் ஒரு வாக்கியம் மட்டும் என் காதில் தைத்தது: "காலையில எவ்வளவு உதைச்சாலும் வராது, ஆனா மத்தியானம் அம்மா சும்மா ஒரு உதை உதைச்சா வந்துடும்." மூன்று பட்டறைகளிலும் யாராவது இதைக் கேட்டார்களா என்று வினவினேன். அவன் சொல்ல வாய் திறந்ததாகவும், "வச்சுட்டுப் போங்க தம்பி, பார்த்துக்கறோம்" என்று பதில் வந்ததாகவும் சொன்னான்.

பெட்ரோல் எஞ்சின் கிளம்புவதற்கு மூன்று காரியங்கள் நடந்தாக வேண்டும். சரியான அளவில் காற்றோடு கலந்த பெட்ரோல் சிலிண்டருக்குள் வர வேண்டும். பிஸ்டன் அதை இறுக்கி அழுத்த வேண்டும். சரியான நேரத்தில் பிளக்கில் வலுவான பொறி விழ வேண்டும். எந்தப் பழுதாக இருந்தாலும் இந்த மூன்றில் ஒன்றின் கீழ்தான் வரும். ஆகவே எந்தப் பொருளையும் மாற்றுவதற்கு முன் இந்த மூன்றில் எது இல்லை என்று முடிவுகட்ட வேண்டும். அதற்கு வேண்டிய கருவி பெரும்பாலும் ஒரு பிளக் ஸ்பேனர் மட்டுமே.

சோக்கைப் போட்டுப் பத்து முறை உதைத்தும் வண்டி வரவில்லையென்றால் பிளக்கைக் கழற்றி நுனியைப் பார்க்க வேண்டும். நுனி எலும்பு போல உலர்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே வரவில்லை. டாங்கில் தொடங்கி டேப், குழாய், கார்புரேட்டர் என்று அந்த வழியில் தேட வேண்டும். நுனி பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வந்து சேர்ந்தும் பற்றவில்லை என்று பொருள். அப்போது கார்புரேட்டரைக் கழற்றுவது வீண்வேலை, பொறியைத்தான் சோதிக்க வேண்டும். பிசுபிசுப்பான ஆயில் படிந்திருந்தால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். உலர்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகமாகவோ காற்று குறைவாகவோ போகிறது; ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்வதைப் போன்றது இது. இரண்டு நிமிட வேலை. பேரனின் வண்டியில் பிளக் நுனி நனைந்திருந்தது. அதாவது, இரண்டாவது பட்டறையில் கார்புரேட்டரை மாற்றுவதற்கு முன் பிளக்கைக் கழற்றிப் பார்த்திருந்தால் அந்தச் செலவே நேர்ந்திருக்காது.

இந்த இடத்தில் நான் செய்த தவறையும் சொல்லியாக வேண்டும். நுனி நனைந்திருந்ததைக் கண்டதும், அது பெட்ரோலா, தண்ணீர் கலந்த பெட்ரோலா என்ற ஐயம் எனக்கு வந்தது. மழைக்காலம், டாங்க் மூடியின் ரப்பரும் வெடித்திருந்தது. கார்புரேட்டரின் அடியில் உள்ள வடிதிருகைத் தளர்த்திக் கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பார்த்தபோது, அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் தெரிந்தது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தண்ணீரை ஈர்த்து வைத்துக்கொள்ளும் இயல்பு உண்டு. ஓர் அளவுக்குமேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். ரிசர்வில் போட்டால் டேப் அந்த அடிப்பகுதியிலிருந்துதான் எடுக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகிப் படிப்படியாக நாடெங்கும் பரவிய பிறகு, அதற்கென வடிவமைக்கப்படாத பழைய கார்புரேட்டர் வண்டிகளை மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இவ்வளவு கதையையும் பேரனுக்கு விளக்கி, டாங்கை வடித்துக் காயவைத்து, மூடியின் ரப்பரை மாற்றி, வேலை முடிந்தது என்று அறிவித்தேன். நான்கு நாள் வெயில் அடித்தது. வண்டி குதிரை போல ஓடியது. ஐந்தாம் நாள் மழை. ஆறாம் நாள் காலை பேரன் எதுவும் பேசாமல் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்ததைச் சன்னல் வழியாகப் பார்த்தேன்.

ஒரு குறையைக் கண்டுபிடித்ததும் அதுவே காரணம் என்று நம்பிவிடுவது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் வரும் நோய். பழைய வண்டியில் எங்கே தொட்டாலும் ஏதாவது ஒரு குறை இருக்கத்தான் செய்யும்; அந்தக் குறைகளில் எது கிளம்பாமைக்குப் பொறுப்பு என்பதே கேள்வி. "மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும், அதுவும் வெயில் ஏறியதும் தானாகச் சரியாகிவிடும்" என்ற சாட்சியத்தைக் கேட்டுவிட்டும் நான் அதன் பொருளை முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெட்ரோலில் கலந்த தண்ணீர் மத்தியானத்தில் தானாக மறைந்துவிடாது. வெயிலில் உலர்ந்து சரியாவது மின்சாரம் ஓடும் இடத்தில் படிந்த ஈரமாகத்தான் இருக்க முடியும். இதை ஒரு முதலாண்டு மாணவன் என்னிடம் சொல்லியிருந்தால் அவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

ஆகவே அன்று காலையிலேயே, வெயில் ஏறுவதற்குள், பொறியைச் சோதித்தேன். இதைச் செய்ய விரும்பும் வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கழற்றிய பிளக்கை அதன் கேப்பில் செருகி, பிளக்கின் உலோக உடல் எஞ்சினின் உலோகத்தை நன்றாகத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்து, நிழலில் நின்று கிக்கரை உதைத்துப் பார்க்க வேண்டும். பிளக்கைக் கையில் பிடிக்கக் கூடாது. திறந்திருக்கும் பிளக் துளையின் வாயருகே வைக்கவும் கூடாது, ஏனெனில் அதிலிருந்து பீறிடும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளலாம். பிளக் உலோகத்தைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கும் நிலையில் உதைத்தால் சிடிஐ, பொறிக்கான மின்னழுத்தத்தை உயர்த்தும் இக்னிஷன் காயில் ஆகியவை கெடவும் வாய்ப்புண்டு. நல்ல பொறி நீலமாக, 'டிக் டிக்' என்ற ஓசையோடு விழும். மஞ்சளாக, மெலிந்து விழுந்தால் அது திறந்தவெளியில் தெரிந்தாலும் சிலிண்டருக்குள் அழுத்தத்தில் விழாது. என் பேரனின் வண்டியில் பொறி என்பதே இல்லை.

பொறி இல்லையென்றால் முன்னிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். முதலில் பிளக் கேப். ஸ்கூட்டருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பொதுவாக, மலிவாக, பெரும்பாலானோர் சந்தேகிக்காத பொருள் இதுதான். இதற்குள் ஒரு மின்தடை இருக்கிறது. அது உள்ளே அறுந்துவிட்டால் வெளியில் பார்க்கப் புதிதாகத் தெரிந்தாலும் பயனில்லை. கேப்பைத் திருகிக் கழற்றி, வயரின் நுனியை அரை சென்டிமீட்டர் நறுக்கிவிட்டுத் திரும்பத் திருகினாலே பல வண்டிகள் உயிர்பெறுவதை நான் கண்டிருக்கிறேன். இங்கே அதுவும் உதவவில்லை. அடுத்து இக்னிஷன் காயில், சிடிஐ, எஞ்சினோடு சுழன்று மின்சாரம் உண்டாக்கும் மேக்னட்டிலிருந்து வரும் வயர்கள். சிடிஐ புதிது, காயிலின் தடை மீட்டரில் சரியாக இருந்தது, மேக்னட் காயிலும் சரியாக இருந்தது. எல்லாப் பொருளும் நல்ல நிலையில் இருக்கப் பொறி மட்டும் இல்லையென்றால், எல்லாவற்றையும் வாயடைக்கச் செய்யும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும்.

அது சாவி. நம் ஊர்ப் பழைய நூறு சிசி வண்டிகள் பலவற்றில் சாவி பொறிக்கான மின்சாரத்தைக் கொடுப்பதில்லை. தடுக்க மட்டுமே செய்கிறது. இது பலருக்கு வியப்பாக இருக்கலாம். மேக்னட் சுழலும்போது அதிலுள்ள தனிக் காயிலே சிடிஐக்கு வேண்டிய மின்சாரத்தைத் தருகிறது. சாவியை அணைத்த நிலையில், சிடிஐயிலிருந்து வரும் ஒரு கம்பி பாடி எர்த்தோடு, அதாவது வண்டியின் உலோக உடலோடு, இணைக்கப்படுகிறது; அந்த மின்சாரம் பொறியாக மாறாமல் வண்டியின் உடலில் வடிந்துவிடுகிறது; எஞ்சின் நின்றுவிடுகிறது. சாவியைத் திருப்பினால் அந்த இணைப்பு விடுபடுகிறது. ஹோண்டா வடிவமைப்பைப் பின்பற்றிய வண்டிகளில் இது கறுப்பு நிறத்தில் வெள்ளைக் கோடு போட்ட கம்பி. சாவி திறந்திருக்கும்போதும் இந்தக் கம்பி எங்காவது ஈரத்தின் வழியாக எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், வண்டியைப் பொறுத்தவரை சாவி போடப்படவே இல்லை.

ஹெட்லைட் கூட்டைத் திறந்தேன். சாவியிலிருந்து இறங்கும் வயர்கள் அங்கேதான் கப்ளர் எனப்படும் இணைப்பானில் சேர்கின்றன. கூட்டின் அடியில் மாவு போன்ற மெல்லிய வண்டல் ஒரு விரல் கனத்துக்குப் படிந்து காய்ந்திருந்தது. கப்ளரின் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்குக் களிம்பு பாலம் போட்டிருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தபோது, சாவி திறந்திருந்த நிலையிலும் அந்தக் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே சில ஆயிரம் ஓம் தடைதான் காட்டியது. இருந்திருக்க வேண்டியது முடிவிலி, அதாவது இணைப்பே இல்லாத நிலை. மகளின் முடி உலர்த்தும் கருவியை வாங்கிவந்து கப்ளரின்மேல் வெப்பக்காற்றைச் செலுத்தினேன். மீட்டரில் எண் மெல்ல ஏறிக்கொண்டே போனது. பிறகு கம்பியைக் கப்ளரிலிருந்து பிரித்துவிட்டு உதைத்தேன். முதல் உதையிலேயே வண்டி கிளம்பியது. இந்தச் சோதனையைச் செய்பவர்கள், கம்பி பிரிந்திருக்கையில் சாவியை அணைத்தாலும் எஞ்சின் நிற்காது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மேல் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளட்சை விட்டுத்தான் நிறுத்த வேண்டும். என் மகள் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, இதற்குப் பழைய வண்டியே தேவலை என்றாள். இதுதான் பழைய வண்டி என்று சொன்னேன்.

புது கப்ளரும் முனைகளும் 80 ரூபாய். சுத்தம் செய்து மாட்டி, ஈரம் நுழையாதிருக்க மேலே கொஞ்சம் வாசலின் தடவினேன். அதன்பின் கார்த்திகை மழை முழுவதையும் அந்த வண்டி வாசலில் நின்றே தாங்கிவிட்டது.

ஹெட்லைட் கூட்டுக்குள் வண்டல் எப்படி வந்தது என்ற கேள்விக்கு என்னால் உறுதியான பதில் தர இயலாது. வண்டியின் பதிவெண் டிஎன் 69 என்று தொடங்குகிறது, அது தூத்துக்குடி. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் அந்த மாவட்டத்திலும் எங்கள் திருநெல்வேலியிலும் பெய்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. தெருவில் நின்ற வண்டிகள் கைப்பிடி வரை மூழ்கிக் கிடந்ததை நானே பார்த்தேன். இந்த வண்டியும் அவற்றுள் ஒன்றாக இருக்கலாம். வேறு எங்காவது மூழ்கியதாகவும் இருக்கலாம். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை வெளியே கழுவி மெருகேற்றிவிட்டால் பார்வைக்குத் தெரியாது. ஆனால் ஹெட்லைட் கூடு, பக்கவாட்டு மூடிகளின் உட்புறம், சீட்டின் அடி, ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலை ஆகிய நான்கு இடங்களிலும் வண்டல் தன் கையெழுத்தை விட்டுவைக்கும். வாங்குபவர் ஒரு திருப்புளியைச் சட்டைப்பையில் கொண்டுபோய், கடைக்காரரின் அனுமதியோடு ஒரு பக்கவாட்டு மூடியையாவது கழற்றிப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெள்ளத்தில் மூழ்கிய சொந்த வண்டியை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். தண்ணீர் வடிந்ததும் ஆர்வத்தில் கிக்கரை உதைக்கவோ பட்டனை அழுத்தவோ கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால், காற்றைப் போலத் தண்ணீர் சுருங்காது என்பதால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடக் கூடும். பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக உதைத்துத் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலைப் பார்க்க வேண்டும். அது பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, முழுவதையும் வடித்து மாற்றிய பிறகே கிளப்ப வேண்டும்.

இனி தங்கள் குறிப்பில் முதலாவதாகச் சொல்லப்பட்ட பேட்டரிக்கு வருகிறேன். ஹீரோ ஹோண்டா காலத்து சிடி 100, ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில், நான் மேலே விளக்கியபடி, பொறிக்கான மின்சாரம் மேக்னட்டிலிருந்தே வருகிறது. பேட்டரி அடியோடு செத்துப்போயிருந்தாலும் ஹாரனும் இண்டிகேட்டரும் வேலை செய்யாதே தவிர, கிக்கரை உதைத்தால் வண்டி கிளம்பும். அத்தகைய வண்டியின் உரிமையாளர் தங்கள் அறிவுரையைக் கேட்டுப் புதுப் பேட்டரி வாங்கினால், கிளம்பாத வண்டியில் ஹாரன் மட்டும் கணீரென்று ஒலிக்கும். இதற்கு நேர்மாறாக, பொறிக்கான மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்தே எடுக்கும் வண்டிகளும் ஏராளமாக உள்ளன. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 மாசுக்கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பிறகு பரவலான ஃபியூயல் இஞ்செக்ஷன் வண்டிகளில் பெட்ரோல் பம்பையும் மின்சாரமே இயக்குவதால், பேட்டரி இறங்கினால் எல்லாமே இறங்கிவிடும். இவ்வகை வண்டியில் சாவியைத் திருப்பியதும் டாங்க் அருகே இரண்டு மூன்று நொடிகள் 'கிர்ர்' என்று பம்ப் ஓடும் ஒலி கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் ஃபியூஸிலும் பேட்டரியிலும் தேடலைத் தொடங்கலாம். சைடு ஸ்டாண்டு போட்டிருந்தால் கிளம்பாதபடி அமைக்கப்பட்ட வண்டிகளும், கைப்பிடியில் சிவப்பு நிற நிறுத்து சுவிட்ச் உள்ள வண்டிகளும் இருக்கின்றன. அந்தச் சுவிட்ச் தவறுதலாக அணைக்கப்பட்டிருந்ததைக் கவனிக்காமல் மூன்று கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு என் வகுப்புக்கு வந்து சேர்ந்த மாணவர் ஒருவர் இன்று சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார். அவருக்காகவே ஊரைச் சொல்லாமல் விடுகிறேன்.

மூன்றாவது காரியமான அழுத்தத்தைப் பற்றித் தங்கள் குறிப்பு ஒன்றுமே சொல்லவில்லை. பழைய வண்டி வாங்குவோருக்கு உண்மையில் பெரிய செலவை வைப்பது அதுதான். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு இன்னொருவரை உதைக்கச் சொன்னால், விரலைத் தள்ளிக்கொண்டு காற்று சீறி வெளியேற வேண்டும். விரல் அசையாமல் நின்றால், துளை வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை ஊற்றி மறுபடியும் சோதிக்கலாம். ஆயில் ஊற்றியதும் அழுத்தம் கூடினால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்துள்ளன. கூடாவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை. வால்வு மூடாமைக்கு, வால்வைத் தள்ளும் டேப்பட் இடைவெளி இல்லாமல் இறுகியிருப்பதும் காரணமாகலாம். அது செலவில்லாத, அரைமணி நேர வேலை. சிலிண்டரைக் கடைந்து போர் போட வேண்டும் என்று கேட்டதும் தலையாட்டுவதற்கு முன் டேப்பட்டைப் பார்த்தாயிற்றா என்று ஒரு கேள்வி கேட்டால், ஆயிரக்கணக்கான ரூபாய் மிச்சமாகக் கூடும்.

என் பேரன் பிற்பகல் மூன்று மணிக்குப் போய் வண்டியைப் பார்த்தான் என்று எழுதினேன் அல்லவா? வெயிலில் காய்ந்த, ஒருவேளை அதற்கு முன்பே ஒருமுறை ஓட்டிச் சூடாக்கப்பட்ட வண்டி எதுவும் ஒரே உதையில் கிளம்பும். தேய்ந்த ரிங், இறுகிய டேப்பட், கார்புரேட்டரில் அடைத்த ஸ்லோ ஜெட் எனும் சிறு துளை, ஈரம் கோத்த வயர் ஆகிய நான்கும் தங்கள் சுயரூபத்தைக் காட்டுவது குளிர்ந்த காலையில்தான். ஆகவே பழைய வண்டியைப் பார்க்க வேண்டிய நேரம் காலை, அதுவும் முன்கூட்டிச் சொல்லாமல் போவது நல்லது. போனதும் முதலில் கிக்கரைத் தொடாமல் எஞ்சினின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், ஒரு தேநீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பலாம்.

பட்டறைக்காரர்களைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களில் பலர் என்னிடம் படித்தவர்கள். படிக்காமலேயே என்னைவிட நன்றாக வேலை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஒரு மெக்கானிக் அரைநாள் உட்கார்ந்து, களிம்பு ஏறிய கப்ளரைக் கண்டுபிடித்து, 80 ரூபாய்ப் பொருளை மாற்றிவிட்டு 600 ரூபாய் கூலி கேட்டால், நம்மில் எத்தனை பேர் மறுபேச்சின்றிக் கொடுப்போம்? அதே மெக்கானிக் பத்து நிமிடத்தில் 2,000 ரூபாய்ப் பொருளை மாற்றிவிட்டு அதே 600 ரூபாய் கேட்டால், பளபளக்கும் புதுப் பொருள் கண்ணுக்குத் தெரிவதால் கொடுத்துவிடுகிறோம். யோசிப்பதற்குக் கூலி தராமல் மாற்றுவதற்கு மட்டும் தருகிற ஊரில் மெக்கானிக் மாற்றிக்கொண்டுதான் இருப்பார். பழுது கண்டறிவதற்கென்று தனியே ஒரு தொகையைப் பேசிக்கொண்டு வண்டியை விடும் வழக்கம் கார்ப் பட்டறைகள் சிலவற்றில் வந்துவிட்டது. இருசக்கர வண்டிக்கும் அதை நாமே கேட்டுப் பழக்கலாம். இன்னொன்று, மாற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கி வருவது. அது நம் பணத்தில் வாங்கிய பொருள். கெட்டதாகவே இருந்தாலும் நம்முடையது. பேரனின் வண்டியிலிருந்து கழற்றிய பழைய சிடிஐயைக் கேட்டு வாங்கி வந்து, எல்லாம் சரியான பிறகு ஒருநாள் மாட்டிப் பார்த்தேன். வண்டி ஒரே உதையில் கிளம்பியது. கழற்றிய கார்புரேட்டர் மட்டும் இன்னும் கைக்கு வந்து சேரவில்லை. சென்ற வாரம்கூடப் போய்க் கேட்டேன், தேடிப் பார்ப்பதாகச் சொன்னார்கள்.

பழைய வண்டியை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் முதல் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களும், விடியற்காலையில் சந்தைக்குச் சரக்கு ஏற்றுகிறவர்களும், பால் ஊற்றுகிறவர்களும்தான். தங்கள் நாளிதழ் சொல்வதை அவர்கள் நம்புகிறார்கள் என்பதால், அந்தக் கடைசிப் பத்திக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். முழுப் பத்தியையும் நீக்க வேண்டியதில்லை. "மாற்றிவிடுங்கள்" என்பதற்கு முன், "முதலில் பிளக்கைக் கழற்றி, நுனி ஈரமா உலர்வா என்று பாருங்கள்" என்று ஒரு வரியைச் சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி நிலையப் பயிற்றுநர்,
பாளையங்கோட்டை.